இந்தப் பெட்டிக்கு மட்டும்!

புனேயில் ஒரு சின்ன ஸ்டூடியோ உருவாக்கிய வீடியோ கேம் அது. நாயகி ராஜி, வித்தை காட்டிப் பிழைக்கும் பெண். அசுரர்கள் தூக்கிச் சென்ற தம்பி கோலுவைத் தேடிப் புறப்படுகிறாள். கையில் துர்க்கை அருளிய திரிசூலம். கதையை துர்க்கையும் விஷ்ணுவும் தமக்குள் பேசிக்கொண்டே நகர்த்துகிறார்கள். இடையிடையே நம் தோல்பாவைக் கூத்தை நினைவூட்டும் நிழல் பொம்மைக் காட்சிகள். இத்தனை மண்வாசனையோடு ‘ராஜி: அன் ஏன்ஷியன்ட் எபிக்’ 2020 ஆகஸ்ட் 18 அன்று வெளிவந்தது. ஆனால் அன்றைக்கு அதை ஒரே ஒரு கன்சோலில்தான் ஆட முடிந்தது. அது ஜப்பானின் நிண்டெண்டோ ஸ்விட்ச். அந்த ஸ்விட்சை இந்தியாவில் அப்போது நிண்டெண்டோ விற்கவே இல்லை!

தேனி மாவட்டம் தேவாரத்தில் உட்கார்ந்து இதை யோசித்துப் பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். விடிவதற்குள் ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்புகள் கிளம்பிவிடும் ஊர். இங்கே ஒரு கல்லூரி மாணவருக்கு ராஜியை முதல் நாளே ஆடிப் பார்க்க ஆசை வந்திருந்தால், துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் சொந்தக்காரரின் சூட்கேஸில் ஸ்விட்ச் வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் சென்னை ரிச்சி தெரு மாதிரியான இடங்களில் கம்பெனி வாரண்டி இல்லாத பெட்டியைத் தேடிப் பிடித்திருக்க வேண்டும். இரண்டும் முடியாதவர் இரண்டு மாதம் பொறுக்க வேண்டியிருந்தது. அக்டோபர் 15 அன்றுதான் ராஜி கம்ப்யூட்டர், பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகியவற்றுக்கு வந்து சேர்ந்தாள்.

இந்தியாவில் பிறந்த ஆட்டத்தை இந்தியாவில் விற்காத பெட்டிக்கு முதலில் கொடுப்பானேன்? கேட்டால் முரணாகத்தான் இருக்கும். ஆனால் நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்ற அந்த ஸ்டூடியோ கடந்து வந்த பாதை தெரிந்தவர்கள் இப்படிக் கேட்க மாட்டார்கள். 2017-ல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பொதுமக்களிடம் பணம் திரட்டப் பார்த்தார்கள், இலக்கை எட்டவில்லை. நிறுவனர்களில் ஒருவரான ஷ்ருதி கோஷ் தன் அடுக்குமாடி வீட்டை விற்று வேலையைத் தொடரச் செய்தார். பிறகுதான் சூப்பர்.காம் என்ற வெளியீட்டு நிறுவனம் கைகொடுத்தது. அப்படிப்பட்ட ஸ்டூடியோவின் ஆட்டத்தை, சிறு ஸ்டூடியோக்களுக்கென்றே நடத்தும் ‘இண்டி வேர்ல்ட்’ ஒளிபரப்பில் நிண்டெண்டோ உலகத்துக்குக் காட்டியது. அன்றைக்கே விற்பனையும் தொடங்கியது. விளம்பரத்துக்குக் காசில்லாதவர்களுக்கு அந்தச் சில நிமிட வெளிச்சம் எத்தனை பெரியது என்பதைச் சொல்லத் தேவையில்லை. தேவாரத்து மாணவரின் இரண்டு மாதக் காத்திருப்பு அந்தக் கணக்கில் ஒரு பொருட்டே அல்ல.

எம்.ஜி. கொடுத்தால் படம் உனக்கு

வீடியோ கேம் உலகில் இதை ‘எக்ஸ்க்ளூசிவ்’ என்கிறார்கள். தமிழ் சினிமா வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இது புதிதாகவே இருக்காது. தேனி மாவட்டத் தியேட்டர்கள் ‘மதுரை-ராமநாதபுரம்’ ஏரியாவில் வருகின்றன. அந்த ஏரியா உரிமையை வாங்கியவரிடம் இருந்துதான் படம் வர வேண்டும். படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இவ்வளவு தொகை நிச்சயம் என்று முன்கூட்டியே கொடுப்பது எம்.ஜி., அதாவது மினிமம் கியாரண்டி. வீடியோ கேம் ஒப்பந்தங்களிலும் இதே மினிமம் கியாரண்டி இருக்கிறது, பெயர்கூட மாறாமல்!

ஆதாரம் கோர்ட் ஆவணங்களில் கிடைத்தது. ஆப்பிளுக்கும் எபிக் கேம்ஸுக்கும் நடந்த வழக்கில், ‘பார்டர்லேண்ட்ஸ் 3’ ஆட்டத்தின் கம்ப்யூட்டர் பதிப்பைச் சில மாதங்கள் தன் ஆன்லைன் கடையில் மட்டும் விற்பதற்காக எபிக் 14.6 கோடி டாலர் செலவிட்டது தெரியவந்தது. அதில் 8 கோடி டாலர் மினிமம் கியாரண்டி. ‘கண்ட்ரோல்’ என்ற ஆட்டத்துக்காக இதே நிறுவனம் சுமார் 95 லட்சம் யூரோ கொடுத்ததை அதன் வெளியீட்டாளரான இத்தாலிய நிறுவனமே கணக்கில் காட்டியிருந்தது. இவை கம்ப்யூட்டர் கடைகளின் கதை. கன்சோல் கம்பெனிகளோ இந்தக் கணக்குகளை வெளியே விடுவதே இல்லை.

சரி, ஒரு பெட்டிக்கு மட்டும் என்று பூட்ட இவ்வளவு பணத்தை ஏன் கொட்டுகிறார்கள்? பெட்டியில் லாபம் இல்லை என்பதுதான் காரணம். அதே வழக்கில் 2021 மே மாதம் சாட்சி சொன்ன மைக்ரோசாஃப்ட் அதிகாரி லோரி ரைட், எக்ஸ்பாக்ஸ் கன்சோலை லாபத்துக்கு விற்றதே இல்லை என்றார். நஷ்டத்துக்குப் பெட்டியைக் கொடுத்துவிட்டு, பிறகு அதில் விற்கும் ஒவ்வொரு ஆட்டத்திலும் பங்கு எடுக்கிறார்கள். மற்றவர்கள் உருவாக்கிய ஆட்டம் என்றால் டிஜிட்டல் விற்பனையில் 30 சதவீதம் கன்சோல்காரருக்கு என்பது வழக்கமான கணக்கு. ஒரு வீட்டுக்குள் எந்தப் பெட்டி நுழைகிறதோ, அடுத்த ஆறேழு வருடம் அந்த வீட்டின் ஆட்டச் செலவு முழுக்க அந்தக் கம்பெனி கல்லாவுக்குத்தான். அதனால்தான் முதல் பெட்டி எது என்பதில் இத்தனை போட்டி. அந்தப் பெட்டியை வாங்க வைக்கும் தூண்டில், வேறெங்கும் கிடைக்காத ஓர் ஆட்டம்.

தூண்டிலை மற்றவரிடம் விலைக்கு வாங்குவது ஒரு வழி. சொந்தமாகச் செய்வது இன்னொரு வழி. மரியோவும் செல்டாவும் நிண்டெண்டோவின் வீட்டுப் பிள்ளைகள். அவர்களை சோனியின் பிளேஸ்டேஷன் பெட்டியில் தேடிப் பயனில்லை. சோனியின் சொந்த ஸ்டூடியோக்கள் எவ்வளவு செலவழிக்கின்றன என்பது 2023-ல் ஒரு வேடிக்கையான விபத்தால் வெளியே வந்தது. அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் மைக்ரோசாஃப்ட் மீது தொடுத்த வழக்கில், சோனி கொடுத்த ஆவணத்தின் ரகசிய வரிகளை யாரோ கறுப்பு மார்க்கர் பேனாவால் அடித்திருந்தார்கள். ஸ்கேன் செய்ததும் மைக்கு அடியில் இருந்த எழுத்து பளிச்சென்று தெரிந்துவிட்டது! ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ ஆட்டத்துக்கு 22 கோடி டாலர். ‘ஹொரைஸான் ஃபர்பிடன் வெஸ்ட்’ ஆட்டத்துக்கு 21.2 கோடி டாலர். பிரம்மாண்டம் என்று நாம் கொண்டாடும் தென்னிந்தியப் படங்களின் பட்ஜெட்டையெல்லாம் இவை தாண்டிவிடுகின்றன.

பூட்டும் கள்ளச்சாவியும்

எழுபதுகளின் கடைசி வரை ஆட்டம் விற்பவரும் பெட்டி விற்பவரும் ஒருவரே. 1979-ல் அட்டாரி கம்பெனியிலிருந்து கோபித்துக்கொண்டு வெளியேறிய சில இன்ஜினீயர்கள் ஆக்டிவிஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, அட்டாரியின் பெட்டிக்கே ஆட்டங்கள் செய்து விற்றார்கள். அட்டாரி வழக்குப் போட்டுப் பார்த்தது, பலிக்கவில்லை. கதவு திறந்ததும் கண்டவர்களெல்லாம் உள்ளே வந்தார்கள். குப்பை ஆட்டங்கள் கடைகளில் குவிந்தன. 1983-ல் சந்தை சரிந்தது. சுமார் 320 கோடி டாலர் புரண்ட அமெரிக்கச் சந்தை, இரண்டே வருடத்தில் 10 கோடிக்கு விழுந்தது.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த நிண்டெண்டோ, 1985-ல் அமெரிக்காவுக்குப் போனபோது பெட்டிக்குள் ஒரு பூட்டையும் வைத்துக்கொண்டு போனது. கன்சோலில் ஒரு சிப், ஒவ்வொரு கேசட்டிலும் அதன் ஜோடி சிப். இரண்டும் பேசிக்கொண்டால்தான் ஆட்டம் தொடங்கும். அந்த ஜோடி வேண்டுமென்றால் நிண்டெண்டோவின் நிபந்தனைகளை ஏற்க வேண்டும். கேசட்டை நிண்டெண்டோவே தயாரித்துக் கொடுக்கும். ஒரு கம்பெனி வருடத்துக்கு ஐந்து ஆட்டங்களுக்கு மேல் கொண்டுவரக் கூடாது. அந்த ஆட்டம் இரண்டு வருடங்களுக்கு வேறு பெட்டிக்குப் போகக் கூடாது. இன்றைய எக்ஸ்க்ளூசிவ் ஒப்பந்தங்களுக்கெல்லாம் தாத்தா இந்தக் கடைசி நிபந்தனைதான்.

அட்டாரி கேம்ஸின் டெங்கன் பிரிவு பூட்டை உடைக்கக் கையாண்ட தந்திரம் சினிமாவுக்கே கதை கொடுக்கும். சிப்பின் நிரல் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவாகியிருந்தது. வழக்கு ஒன்றுக்குத் தேவைப்படுகிறது என்று பொய் சொல்லி, அதன் நகலை அட்டாரி தரப்பு வாங்கிவிட்டது. 1992-ல் கோர்ட் அந்தப் பொய்யைச் சும்மா விடவில்லை.

இந்தப் பூட்டெல்லாம் அமெரிக்காவோடு சரி. தொண்ணூறுகளில் கம்பம் பள்ளத்தாக்கு உட்பட தமிழ்நாடு முழுக்க வீடுகளில் டி.வி.யோடு இணைந்த அந்தப் பெட்டியைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். ‘டிவி கேம்’ என்று பெயர். இரண்டு கன்ட்ரோலர், வயரோடு ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி, நூறு ஆட்டம் ஆயிரம் ஆட்டம் என்று லேபிளில் ஜம்பமடிக்கும் கேசட். போட்டுப் பார்த்தால் அதே பத்துப் பதினைந்து ஆட்டங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். கேசட் ஓடாவிட்டால் கழற்றி வாயால் ஊதிச் செருக வேண்டும். மரியோ, கான்ட்ரா எல்லாம் அதில்தான் நமக்கு அறிமுகம். அவை நிண்டெண்டோவின் ஃபாமிகாம் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல்கள். ஜப்பானில் 1983-ல் வந்த ஃபாமிகாமில் அந்தப் பூட்டு சிப் கிடையாது. அதனால் நகலெடுத்தவர்களுக்கு வேலை சுலபமாகிவிட்டது. நிண்டெண்டோவின் பெயரைக் கேள்விப்படாத பிள்ளைகளுக்கும் மரியோவைத் தெரிந்தது இப்படித்தான்.

நேர்வழியில் வந்தவர்களின் கதி? 1995-ல் ஷா வாலஸ் நிறுவனம் சேகாவின் மெகா டிரைவ் கன்சோலை இந்தியாவில் விற்க முன்வந்தது. இறக்குமதி வரி மட்டும் 80 சதவீதம் இருந்த காலம். அதைச் சமாளிக்கத்தான் இந்த ஏற்பாடே. அப்படியும் பெட்டியின் விலை 18,000 ரூபாய். மரியோவோடு சண்டைபோட சேகா வளர்த்த ‘சோனிக்’ என்ற நீல முள்ளெலி, இந்த விலையைச் சுமந்துகொண்டு எத்தனை வீடுகளுக்குள் நுழைந்திருக்க முடியும்? பூட்டே தேவைப்படவில்லை, விலையே பூட்டாக இருந்தது.

நம் ஊருக்கென்று வந்த எக்ஸ்க்ளூசிவ்

நேர்வழியில் வந்து இந்திய வீடுகளை ஓரளவாவது எட்டிய முதல் கன்சோல் சோனியின் பிளேஸ்டேஷன் 2. பலருடைய பெட்டியில் ‘சிப் போட்டு’, பர்மா பஜார் டிஸ்க் ஓடியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தச் சந்தையை நம்பி சோனி இந்தியாவிலேயே ஆட்டங்கள் செய்யச் சொன்னது. 2009-ல் ஹைதராபாத்தின் அரோனா டெக்னாலஜிஸ் உருவாக்கிய ‘ஹனுமான்: பாய் வாரியர்’ வந்தது. முழுக்க இந்தியாவில் உருவாகிக் கன்சோலுக்கு வந்த முதல் ஆட்டம் என்று அறியப்படுவது அதுதான். பிளேஸ்டேஷன் 2-ல் மட்டும். கடவுளைப் பொத்தான் அமுக்கி ஆட்டுவிப்பதா என்று அமெரிக்காவில் சில இந்து அமைப்பினர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். விமர்சகர்களிடமும் நல்ல பெயர் கிடைக்கவில்லை. அடுத்து, கபடியும் கில்லியும் பட்டமும் சேர்ந்த ‘தேசி அட்டா’ வந்தது. அதுவும் சோனி பெட்டிகளுக்குத்தான்.

இவற்றை யாரும் போட்டியாளரிடமிருந்து தட்டிப் பறிக்கவில்லை. இந்தியச் சுவைக்குப் பணம் போட அன்றைக்கு வேறு ஆளே இல்லை. எக்ஸ்க்ளூசிவ் என்றாலே பேராசை என்று திட்டுபவர்கள் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள். வெளிநாட்டில் இதற்குப் பிரபலமான உதாரணம் ‘பயோனெட்டா 2’. சேகா கைவிட்ட அந்த ஆட்டத்துக்கு நிண்டெண்டோ பணம் கொடுத்தது. 2014-ல் நிண்டெண்டோவின் வீ யு பெட்டிக்கு மட்டும் அது வந்தபோது, முதல் பாகத்தை வேறு கன்சோல்களில் ஆடிய ரசிகர்கள் கொதித்தார்கள். நிண்டெண்டோ பணம் போட்டிருக்காவிட்டால் அந்த ஆட்டமே இல்லை என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த பதில். இதில் ரசிகர்களைவிட நிண்டெண்டோ பக்கமே நியாயம் அதிகம்.

எக்ஸ்க்ளூசிவுக்குத் தொழில்நுட்பக் காரணமும் ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது. ‘ஃபைனல் ஃபேண்டஸி’ வரிசை முதல் ஆறு பாகம் வரை நிண்டெண்டோ வீட்டுச் சொத்து. ஏழாம் பாகம் 1997-ல் சோனிக்குத் தாவியது. நிண்டெண்டோ 64 கன்சோலின் கேசட்டில் அதிகபட்சம் 64 எம்.பி.தான் கொள்ளும்; சோனியின் ஒரு சி.டி.யில் 650 எம்.பி. வரை கொள்ளும். ஏழாம் பாகத்துக்கு அப்படி மூன்று சி.டி. தேவைப்பட்டது. இன்றைக்கு இந்தச் சாக்கு செல்லாது. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் இரண்டின் உள்ளேயும் இருப்பது ஏ.எம்.டி. கம்பெனியின் சிப்தான். அன்ரியல், யூனிட்டி மாதிரியான எஞ்சின்களில் செய்த ஆட்டத்தை ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவதும் முன்பைப்போல மலையைப் புரட்டும் வேலை அல்ல. மாற்றவில்லை என்றால், பெரும்பாலும் மாற்ற வேண்டாம் என்று யாரோ பணம் கொடுத்திருக்கிறார்கள்.

ஹேலோவின் ஊர்வலம்

எக்ஸ்க்ளூசிவ் அரசியலின் உச்சத்தைப் பார்க்க ‘ஹேலோ’ ஒன்றே போதும். 1999-ல் ஆப்பிள் மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் பெருமையோடு அறிமுகம் செய்த ஆட்டம் அது. அடுத்த வருடமே மைக்ரோசாஃப்ட் அதை உருவாக்கிய பஞ்ஜி ஸ்டூடியோவையே விலைக்கு வாங்கியது. 2001 நவம்பரில் முதல் எக்ஸ்பாக்ஸ் வந்தபோது அதை விற்றுக்கொடுத்தது ஹேலோதான். கால் நூற்றாண்டுக் காலம் அது சோனி பெட்டியில் கால் வைத்ததே இல்லை.

இதற்கிடையில் மைக்ரோசாஃப்ட் இன்னும் பெரிய மீன்களைத் தேடிப் போனது. 2022 ஜனவரியில் ஆக்டிவிஷன் பிளிஸார்டை 6,870 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தது. அட்டாரியிலிருந்து வெளியேறியவர்கள் தொடங்கிய அதே ஆக்டிவிஷன்! ஆக்டிவிஷனின் ‘கால் ஆஃப் டூட்டி’ ஆட்டம் இனி எக்ஸ்பாக்ஸுக்கு மட்டும் ஆகிவிடுமோ என்று சோனி அலறியது. விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. அங்கே ஹைதராபாத்தில் பிறந்த சத்யா நாதெள்ளா சாட்சி சொன்னது செய்தியானது. தன் விருப்பப்படி நடந்தால் எக்ஸ்க்ளூசிவ் முறையையே ஒழித்துவிடுவேன் என்றும், சந்தையில் முன்னால் நிற்பவர்தான் அந்தப் போட்டி முறையை வகுத்துவைத்திருக்கிறார் என்றும் சொன்னார். பின்தங்கி நிற்பவர் தர்மம் பேசுவது எந்தத் தொழிலிலும் புதிதல்ல. ஆனால் அவர் பேச்சோடு நிற்கவில்லை. கால் ஆஃப் டூட்டியை சோனிக்குப் பத்து வருடம் கொடுப்பதாக 2023 ஜூலையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அக்டோபரில் கம்பெனி கைமாறியது. 2024 முதல் மைக்ரோசாஃப்டின் சொந்த ஆட்டங்கள் ஒவ்வொன்றாக சோனி பெட்டிக்கு வரத் தொடங்கின. 2025 அக்டோபரில் ஹேலோவும் பிளேஸ்டேஷன் 5-க்கு வருகிறது என்று அறிவித்துவிட்டார்கள்.

கையிலிருக்கும் பெட்டி

தேவாரத்திலும் போடியிலும் சின்னமனூரிலும் பெரும்பாலான இளைஞர்களுக்கு வீடியோ கேம் என்றால் கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போன்தான். அங்கேயும் பூட்டு உண்டு. மரியோ முதன்முறையாக போனுக்கு வந்த ‘சூப்பர் மரியோ ரன்’ 2016 டிசம்பரில் ஐபோனுக்கு மட்டும் வந்தது. ஆண்ட்ராய்டுக்காரர்கள் 2017 மார்ச் வரை காத்திருந்தார்கள். ராஜியின் போன் பதிப்பும் நெட்ஃபிளிக்ஸ் சந்தா கட்டுபவர்களுக்கு மட்டுமே வெளியானது.

இந்த ஊர்ப் பையன்கள் அதிகம் வருத்தப்பட்டது வேறொரு பூட்டுக்கு. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலுக்கு மத்திய அரசு தடை விதித்தது. அடுத்த வருடம் ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ என்ற பெயரில் இந்தியாவுக்கு மட்டுமான பதிப்பு வந்தது. 2022 ஜூலையில் அதுவும் காணாமல் போய், 2023 மே மாதம் திரும்பியது. ஒரு நாட்டுக்கே எக்ஸ்க்ளூசிவ்!

பூட்டே இல்லாமல் வந்த தமிழ் ஆட்டமும் ஒன்று இருக்கிறது. டொரன்டோவின் விசை கேம்ஸ் உருவாக்கிய ‘வெண்பா’. எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம். அம்மா வெண்பா, அப்பா பாவலன், மகன் கவின். கிழிந்தும் கறைபட்டும் போன சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, இட்லித் தட்டை எப்படி அடுக்குவது, புட்டுக் குழாயில் மாவையும் தேங்காயையும் எந்த வரிசையில் போடுவது என்று ஆட்டக்காரர் கண்டுபிடிக்க வேண்டும். 2023 ஜூலை 31 அன்று ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ், கம்ப்யூட்டர் என எல்லாவற்றிலும் ஒரே நாளில் வந்தது. அடுத்த வருடம் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக ஆட்டமாகத் தேர்வானது.

பிள்ளைகளின் நச்சரிப்பு தாங்காமல் இந்தத் தீபாவளிக்கு மதுரையிலோ ஆன்லைனிலோ கன்சோல் வாங்க நினைக்கும் பெற்றோரே, முதலில் பிள்ளைகள் ஆட விரும்பும் ஆட்டங்களின் பெயரை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். அதில் மரியோவும் செல்டாவும் இருந்தால் நிண்டெண்டோ பெட்டியைத் தவிர வழியில்லை. கம்ப்யூட்டருக்கு அவை வராது. எக்ஸ்பாக்ஸ் ஆட்டங்கள் மட்டும் இருந்தால் பெட்டியே தேவையில்லை. மைக்ரோசாஃப்டின் சொந்த ஆட்டங்கள் முதல் நாளே கம்ப்யூட்டருக்கும் வந்துவிடுகின்றன. சோனியின் பெரிய ஆட்டங்கள் பலவும் ஒன்றிரண்டு வருடம் கழித்தாவது கம்ப்யூட்டருக்கு வந்திருக்கின்றன. 2023 அக்டோபரில் வந்த ‘ஸ்பைடர்மேன் 2’, 2025 ஜனவரியில் கம்ப்யூட்டருக்கு வந்தது. ஆனால் 2015-ல் வந்த ‘பிளட்போர்ன்’ இன்னும் சோனி பெட்டியை விட்டு இறங்கவில்லை. அது இருந்தால் பிளேஸ்டேஷன்தான். ராஜியும் வெண்பாவும் அந்தத் தாளில் இருந்தால் கவலையே வேண்டாம். இரண்டுமே கம்ப்யூட்டரில் கிடைக்கின்றன.